காவல்காரனுக்கு உத்தரவு போடுவது யார்?

சென்ற இதழில் ரத்தசோகை பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை குழந்தைகளின் காய்ச்சல் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. பெயர், ஊர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியிருப்பது இது:

"எங்க அண்ணிக்கு 38 வயசு ஆகுது. இடது மார்பிலே பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி ஒண்ணும் இல்லை. ஆஸ்பத்திரியிலே ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கணும்னு சொல்றாங்க. எங்க அம்மாவோ, 'ஊசி, கத்தி பட்டா பரவிடும். உடம்பிலே எதிர்ப்பு சக்தி இருந்தா கட்டி தானா கரைஞ்சுடும்'னு சொல்லி ஒரு பவுடர் வாங்கிக் கொடுத்திருக்காங்க. மூணு மாசம் சாப்பிடணுமாம். எதிர்ப்பு சக்திதான் கான்ஸரை அழிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது நிஜம்தானே டாக்டர்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அண்ணியை இந்த வாரமே அந்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பவுடருக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கான்ஸர் அல்ல. ஆனால் எது கான்ஸர், எது இல்லை என்பதைக் கையால் தொட்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. ஊசி போட்டுச் சதை எடுப்பதால் நோய் பரவிவிடும் என்று பயந்து அதைத் தள்ளிப் போடக் கூடாது. தள்ளிப் போடுவதில்தான் ஆபத்து.

இனி காரணத்துக்கு வருவோம். கான்ஸர் செல்லைக் கொல்லத் தெரிந்த செல்கள் நம் உடம்பில் இருக்கின்றன என்பது நிஜம்தான். ஆனால் அவற்றில் முக்கியமான ஒன்றுக்குக் குறைவது சக்தி அல்ல, சரியான உத்தரவு. வருகிற உத்தரவைப் பொறுத்து அதே செல் கட்டியைக் கொல்லவும் செய்யும், கட்டியை ஊட்டி வளர்க்கவும் செய்யும். இதைப் புரிந்துகொண்டால் 'எதிர்ப்பு சக்தி' என்று எழுதிய டப்பாக்களைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

பெருந்தீனிக்காரன்

இந்தச் செல்லுக்கு மாக்ரோஃபேஜ் என்று பெயர். கிரேக்க மொழியில் 'பெரிய தின்னி' என்று அர்த்தம். பல மாக்ரோஃபேஜ்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் சில நாட்கள் சுற்றிவிட்டு, ஈரல், நுரையீரல், மண்ணீரல், தோல் என்று போய்க் குடியேறிவிடும். வேறு பல மாக்ரோஃபேஜ்கள் நாம் தாயின் கருவில் இருக்கும்போதே அந்தந்த உறுப்பில் இடம் பிடித்துவிடுகின்றன.

இந்தத் தின்னி செல்களின் வேலையைக் கண்டுபிடித்தவர் இலியா மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1882-ல் இத்தாலியில் மெஸ்ஸினா நகரத்தில் இருந்தார். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருக்க, இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுக்குக் கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளைக் கொண்டுவந்து அதன் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் ஈ மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தன! நம் காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து சீழ் கோக்கிறதே, அதன் ரகசியம் இப்படித்தான் வெளிவந்தது. 1908-ல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

மாக்ரோஃபேஜ் வெறும் காவல்காரன் மட்டும் அல்ல, வீட்டு வேலையும் பார்க்கும். நம் ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள்தான் உழைக்கும். பிறகு மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள மாக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கி, உள்ளே இருக்கிற இரும்பை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடும். சாப்பாட்டிலிருந்து தினம் நாம் உறிஞ்சுகிற இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். இந்தப் பழைய சரக்கிலிருந்து கிடைப்பதோ தினம் 20 மில்லிகிராமுக்கு மேல். எவ்வளவு சிக்கனமான குடித்தனம், பாருங்கள்! காயம் பட்டால் செத்த சதையை அகற்றுவது, புது ரத்தக் குழாய் முளைக்க வழி செய்வது, புண்ணை ஆற்றுவது, இவையும் இதன் வேலைதான்.

அடிப்பது ஒரு வேலை, ஆற்றுவது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

உத்தரவு இல்லாமல் கை ஓங்காது

"கிருமி வெளியிலேர்ந்து வருது, அதை அடிக்கும். கான்ஸர் நம்ம உடம்பிலேயே பொறந்ததாச்சே, அதை எப்படி அடிக்கும்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டார்கள்.

சாதாரண எலியிலிருந்து மாக்ரோஃபேஜ் எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் கான்ஸர் செல்லுக்குப் பக்கத்தில் விட்டால் அநேகமாகச் சும்மா இருக்கும். 1972-ல் அமெரிக்காவில் ஜான் ஹிப்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றைக் கவனித்தார்கள். கிருமித் தொற்று வந்து போராடிக்கொண்டிருக்கிற எலியின் மாக்ரோஃபேஜை அதே மாதிரி விட்டால், அது கான்ஸர் செல்லைக் கொன்றது. பக்கத்திலிருந்த சாதாரண செல்லைப் பெரும்பாலும் தொடவில்லை! அப்படியானால் சும்மா இருந்ததை யாரோ எழுப்பிவிட்டிருக்க வேண்டும் அல்லவா?

எழுப்பிவிடுவது மற்ற வெள்ளணுக்கள். முக்கியமாக டி-செல் என்கிற வகை. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல நுண்ணிய புரதங்களைச் சுரக்கின்றன. இவற்றுக்கு ஸைட்டோகைன் என்று பெயர். அந்தக் காலத்துத் தந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே வார்த்தை இருக்கும், ஆனால் வீடே பரபரக்கும். மாக்ரோஃபேஜை உசுப்புகிற தந்தி 'இன்டர்ஃபெரான்-காமா' என்பது 1983-ல் பல ஆராய்ச்சிக் கூடங்களில் உறுதியாயிற்று.

இந்தத் தந்தி வந்தவுடனேயே கொலை நடந்துவிடாது. விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த விறகை அடுக்குவது ஒரு வேலை, தீக்குச்சி கிழிப்பது இன்னொரு வேலை. இன்டர்ஃபெரான்-காமா விறகை அடுக்குகிறது. கிருமியின் உடம்பிலிருந்து வரும் ஒரு துளிப் பொருள் தீக்குச்சி கிழிக்கிறது. விறகு அடுக்கியிருந்தால் மிகச் சின்னப் பொறி போதும். விறகு இல்லாத அடுப்பில் பெட்டி பெட்டியாகக் கிழித்தாலும் பலன் கொஞ்சம்தான். உடம்பு ஏன் இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது? சும்மா சும்மா பற்றிக்கொண்டால் நம் சொந்தச் சதையே வெந்துவிடுமே!

இரண்டு உத்தரவும் கிடைத்த மாக்ரோஃபேஜ் பருத்து, கான்ஸர் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. டி.என்.எஃப். என்ற புரதத்தையும், காரமான ஆக்ஸிஜன் பொருள்களையும், நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவையும் அதன் மேல் கொட்டுகிறது.

ஒரே பால், இரண்டு பண்டம்

அந்த வாயு எதிலிருந்து வருகிறது தெரியுமா? அதையும் 1987-ல் ஹிப்ஸ்தான் துப்புத் துலக்கினார். கிண்ணத்தில் 'ஆர்ஜினைன்' என்ற சத்து இல்லாவிட்டால் மாக்ரோஃபேஜால் கான்ஸர் செல்லை முடக்க முடியவில்லை. ஆர்ஜினைன் என்பது நாம் சாப்பிடும் பருப்பு, கடலை, எள், முட்டை எல்லாவற்றிலும் இருக்கிற புரதத்தின் ஒரு துண்டுதான்.

வேடிக்கை இதற்குமேல்தான். டி-செல்லிலிருந்து இன்டர்லூக்கின்-4 என்று வேறொரு தந்தி வரும். குடல் புழுத் தொல்லை, அலர்ஜி போன்ற சமயங்களில் வருவது இது. இது வந்த மாக்ரோஃபேஜ் அதே ஆர்ஜினைனை எடுத்து விஷ வாயு செய்யாமல், சதை வளரவும் புண் ஆறவும் வேண்டிய பொருள்களைச் செய்கிறது! இந்த இரண்டாவது குணத்தை 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள்.

நம் சமையலறையிலும் இதே கதைதானே? ஒரே பால். ஒரு சொட்டு மோர் விட்டால் தயிர், எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்து போகும். பாலில் குற்றமில்லை, எதை விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. 'சத்து நிறையக் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடிக் கான்ஸரைக் கொன்றுவிடும்' என்ற பேச்சு இங்கேதான் அடிபட்டுப் போகிறது. ஆர்ஜினைனை எவ்வளவு கொடுத்தாலும், அதை விஷமாக்குவதா, மருந்தாக்குவதா என்று தீர்மானிப்பது ஸைட்டோகைன் உத்தரவு.

ஒரு சங்கதி. நைட்ரிக் ஆக்ஸைடை எலியின் மாக்ரோஃபேஜ்கள் அதிகமாகச் சுரக்கின்றன. மனிதரின் மாக்ரோஃபேஜ்கள் அந்த அளவு சுரப்பதில்லை, மற்ற ஆயுதங்களை அதிகம் நம்புகின்றன. உடம்புக்குள் இருக்கும் மாக்ரோஃபேஜ்களை நல்லது, கெட்டது என்று இரண்டே கட்சியாகப் பிரித்துவிடவும் முடியாது. நடுவில் பல நிறங்கள் உண்டு.

தாய்ப்பாலின் தோழி, கட்டியின் கையாள்

இது தாய்மார்களுக்கு முக்கியமான விஷயம். பெண் குழந்தை பருவம் அடையும்போது மார்பகத்தின் பால் குழாய்கள் கிளை விட்டு வளர்கின்றன. அதற்கு மாக்ரோஃபேஜ் துணை வேண்டும். பிள்ளை பால் மறந்த பிறகு, வேலை முடிந்த பால் செல்களை அப்புறப்படுத்துவதும் மாக்ரோஃபேஜ்தான். இவற்றை வரவழைத்துப் போஷிக்கும் ஸைட்டோகைனுக்கு ஸி.எஸ்.எஃப்.-1 என்று பெயர். இது இல்லாமல் பிறந்த பெண் எலிகளுக்கு மார்பகம் சரியாக வளர்வதில்லை, குட்டிக்குப் பால் கொடுக்கவும் முடிவதில்லை.

இதே ஸி.எஸ்.எஃப்.-1-ஐக் கான்ஸர் கட்டியும் சுரக்கிறது. எவ்வளவு தந்திரம் பாருங்கள்! "இங்கே ஒரு புண் இருக்கு, வந்து ஆத்து" என்று பொய்த் தந்தி அடிக்கிற மாதிரி. வந்து சேரும் மாக்ரோஃபேஜ், கட்டியை ஆறாத புண் என்று நினைத்துக்கொண்டு, ரத்தக் குழாய்களை வளர்த்துவிடுகிறது. கான்ஸர் செல்கள் ரத்தத்தில் இறங்க வழிகூடக் காட்டுகிறது. அதோடு இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற 'அடங்கு, அடங்கு' உத்தரவுகளும் கட்டியைச் சுற்றிச் சுரக்கின்றன. காவல்காரன் திருடனுக்கே வேலையாள் ஆகிவிடுகிறான்.

2001-ல் நியூயார்க்கில் எலைன் லின் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை எலிகளில் நிரூபித்தார்கள். மார்பகக் கான்ஸர் வரும்படி பிறந்த எலிகளில் ஸி.எஸ்.எஃப்.-1 இல்லாமல் செய்தார்கள். கட்டி வந்தது, ஆனால் முற்றுவது தாமதமாயிற்று, நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது.

இப்போது சொல்லுங்கள். இப்படிப்பட்ட கட்டியை வைத்துக்கொண்டு, எந்தப் பரிசோதனையும் இல்லாமல், 'எதிர்ப்பு சக்தி பெருகட்டும்' என்று மூன்று மாதம் காத்திருந்தால், பெருகுவது யாருடைய ஆள் பலம்?

பி.ஸி.ஜி.யின் இன்னொரு வேலை

உத்தரவை மாற்றிக் காவல்காரனைத் திருப்ப முடியாதா? முடியும் என்று முதலில் துணிந்தவர் நியூயார்க் அறுவை டாக்டர் வில்லியம் கோலி. கான்ஸர் நோயாளி ஒருவருக்குத் தோலில் கடுமையான கிருமிக் காய்ச்சல் வந்து, அதற்குப் பிறகு கட்டி மறைந்துபோன சம்பவத்தை ஆஸ்பத்திரிப் பதிவுகளில் படித்தார். 1891 முதல் நோயாளிகளுக்குக் கிருமியையே ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலர் காய்ச்சலிலேயே போனார்கள். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. ரேடியம், எக்ஸ்-ரே சிகிச்சை வந்ததும் உலகம் அவரை மறந்துவிட்டது.

மறக்காதவர் அவர் மகள் ஹெலன் கோலி நாட்ஸ். அவர் டாக்டர் இல்லை. அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாம் என்று பழைய தாள்களைப் புரட்டியவர், நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்தார். 1953-ல் இந்த ஆராய்ச்சிக்கென்றே நியூயார்க்கில் கான்ஸர் ரிஸர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

விடை 1975-ல் வந்தது. அதே நகரத்தில் எலிஸபெத் கார்ஸ்வெல், லாயிட் ஓல்ட் குழுவினர் எலிகளுக்கு முதலில் பி.ஸி.ஜி. போட்டார்கள். பிறகு கிருமிப் பொருள் கொஞ்சம் செலுத்தினார்கள். முதலாவது விறகு, இரண்டாவது தீக்குச்சி! அந்த எலிகளின் ரத்தநீரைக் கட்டி உள்ள வேறு எலிகளுக்குச் செலுத்தியதும் கட்டிகள் கருகிப் போயின. அதில் இருந்த பொருள்தான் முன்னே சொன்ன டி.என்.எஃப்.

பி.ஸி.ஜி. என்றதும் உங்களுக்குப் பிறந்த குழந்தையின் இடது கைத் தழும்பு ஞாபகம் வரும். சென்னை கிண்டியில் 1948-ல் இதற்கென்றே தயாரிப்புக் கூடம் தொடங்கினார்கள். காச நோய்க்காகப் போடும் அதே பி.ஸி.ஜி.யைக் கனடாவில் டாக்டர் அல்வாரோ மொராலஸ் மூத்திரப்பைக் கான்ஸருக்குக் கொடுத்து, 1976-ல் முடிவை வெளியிட்டார். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. மூத்திரப்பையின் உள்தோலோடு நிற்கும் கட்டியை முதலில் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரம், ரப்பர் குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டுச் சுமார் இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஸைட்டோகைன்கள் கொட்டுகின்றன, மாக்ரோஃபேஜ் உள்பட வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. 'முதலில் கட்டியை எடுத்துவிட்டு' என்பதைக் கவனித்தீர்களா?

ஜாஸ்தியானாலும் ஆபத்து

"அப்படின்னா டி.என்.எஃப்.பை ஊசியா போட்டுட வேண்டியதுதானே?" 1980-களில் போட்டுத்தான் பார்த்தார்கள். உடம்பு முழுவதும் செலுத்தியதும் கடும் ஜுரம், ரத்த அழுத்தம் சரிந்தது. 1985-ல் இன்னொரு உண்மையும் தெரிந்தது. நீண்ட நோயில் உடம்பை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் பொருளும் இதே டி.என்.எஃப்.தான்! ஆகவே, கை கால் கட்டிகள் சிலவற்றுக்கு, அந்த அங்கத்தின் ரத்த ஓட்டத்தைத் தனியாகப் பிரித்து, அங்கே மட்டும் செலுத்தும் முறை ஐரோப்பாவில் வந்தது.

முடக்குவாதம் போன்ற நோய்களிலோ டி.என்.எஃப். அதிகமாகிப் போவதால், அதைத் தடுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அதைத் தடுத்தால் உள்ளே அடங்கிக் கிடக்கும் காச நோய் தலைதூக்கலாம். அதனால்தான் அந்த மருந்துக்கு முன் காச நோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். உப்பு மாதிரிதான். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

மற்ற மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். மார்பகக் கான்ஸரில் ஒரு வகைக்குக் கொடுக்கும் ட்ராஸ்டுஸுமாப் 1998-ல் வந்தது. கான்ஸர் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு மாக்ரோஃபேஜுக்கும் மற்ற வெள்ளணுக்களுக்கும் அடையாளம் காட்டுவது அது செய்யும் வேலைகளில் ஒன்று. பிள்ளைகளுக்கு வரும் எலும்புக் கான்ஸரில் மாக்ரோஃபேஜை உசுப்பும் மிஃபாமுர்டைடு என்ற மருந்துக்கு 2009-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் அதைக் கொடுக்கிறார்கள். 'என்னைத் தின்னாதே' என்று கான்ஸர் செல் காட்டும் அடையாளத்தை மறைக்கும் மாக்ரோலிமாப் என்ற மருந்தைப் பெரிதாக எதிர்பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோயில் அதன் பெரிய பரிசோதனைகள் பலன் தராமல் 2024-க்குள் நிறுத்தப்பட்டன. இவ்வளவு பேர் இத்தனை வருஷம் பாடுபட்டும் எளிதில் பிடிபடாத இந்த உத்தரவுகளை, கடையில் விற்கிற பவுடர் சரிப்படுத்திவிடும் என்று நம்பலாமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

* மார்பில் புதிதாகக் கட்டி, தோலில் சுருக்கம் அல்லது குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, அக்குளில் நெறி: இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று சும்மா இருக்க வேண்டாம்.

* பால் கொடுக்கும் தாய்மார்கள், "பால் கட்டியிருக்கு" என்று தாங்களே முடிவு செய்யக் கூடாது. சில நாளில் கரையாவிட்டால் காட்டிவிடுங்கள்.

* கீரை, பருப்பு, பழம், முட்டை எல்லாம் அவசியம் சாப்பிடுங்கள். சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். ஆனால் சாப்பாடு சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல.

* ஏற்கெனவே கான்ஸர் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த லேகியமோ பவுடரோ சாப்பிடுவதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

* வீட்டுப் பெரியவர்களுக்குப் பயம் இருப்பது இயற்கை. சண்டை போடாமல் அவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பாதி பயம் போய்விடும்.

வாசகியர் கேட்கிறார்கள்

கேள்வி: குழந்தைக்கு பி.ஸி.ஜி. போட்ட இடத்தில் ஒரு மாதம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து சீழ் வைத்திருக்கிறது. மருந்து தடவலாமா?

பதில்: பயப்படாதீர்கள், ஒன்றும் தடவவும் வேண்டாம். மாக்ரோஃபேஜ்களும் டி-செல்களும் அங்கே கூடிப் பாடம் படிக்கின்றன என்று அர்த்தம். சுத்தமாக வைத்துக்கொண்டால் தானாக ஆறித் தழும்பாகும். அக்குளில் பெரிதாக நெறி கட்டினாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கையில் பி.ஸி.ஜி. போட்டிருந்தால் பிற்காலத்தில் மூத்திரப்பைக் கான்ஸர் வராதா?

பதில்: அப்படி நம்பக் கூடாது. கையில் போடுவது குழந்தைக்குக் கடுமையான காச நோய் வராமல் காக்க. மூத்திரப்பையில் விடுவது, அங்கே வந்துவிட்ட நோய்க்கு அங்கேயே செய்யும் சிகிச்சை. உத்தரவு எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதும் முக்கியம்.

கேள்வி: நிலக்கடலை, எள்ளுருண்டை நிறையச் சாப்பிட்டால் ஆர்ஜினைன் கூடுமே?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், அளவோடு. நல்ல புரதம். கான்ஸருக்கு மருந்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பால் நம் கையில் இருக்கலாம், மோர் விடும் கை நம்முடையது அல்ல.

(அடுத்த இதழில்: குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால்...)